தாடையை மரத்தில் வைத்துப் பார்

வில்லாபுரம், மதுரை
3 நவம்பர் 2025

திரு. கிருபாகரன் அவர்களுக்கு,

இந்த முகவரியைக் கொடுத்தது நம் பாடகர் குழுவில் டிரம்ஸ் வாசிக்கும் பால்பாண்டி. உசிலம்பட்டியில் ஒரு துக்க வீட்டுக்குப் போனவன் எழுமலை வரைக்கும் போயிருக்கிறான். அங்கே பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் உங்களைப் பார்த்தானாம். "ரெண்டு தடவ கூப்பிட்டேண்ணே, உங்க மச்சான் கண்டுக்கிடவே இல்ல" என்று வந்து சொன்னான். ஒன்பது மாதமாக என் போனை எடுக்காதவர் அவனை எங்கே கண்டுகொள்ளப் போகிறார்?

உறவு கொண்டாட இதை எழுதவில்லை. சபைக் காரியம். வருகிற பிப்ரவரி எட்டாம் தேதி தங்கம் போய் ஒரு வருஷம் ஆகிறது. அன்றைக்கு நினைவு ஆராதனை வைக்கிறோம். எனக்கு மனைவி என்றால் உங்களுக்குத் தங்கை, அதனால் தெரிவிக்க வேண்டியது என் கடமை. பாடகர் குழுவில் இப்போது பேஸ் கிட்டார் இல்லை. இருந்த ஒன்றை நீங்கள் தூக்கிக்கொண்டு போய்விட்டீர்கள். உங்கள் பொருள், கேட்க முடியாது. புதிதாக ஒன்று வாங்கச் சபையில் சம்மதித்துவிட்டார்கள், இருபதாயிரத்துக்குள். பாங்கில் வேலை பார்க்கிற ஆஷ்லின் வாசிப்பதாக இருக்கிறாள்.

கீபோர்டைத் தாண்டி எனக்கு ஒன்றும் தெரியாது என்பது உங்களுக்குத் தெரியும். டவுன் ஹால் ரோடு பக்கம் ஒரு கடையில் மூன்று காட்டினார்கள். சிவப்பு ஒன்று, பாஸ்வுட் மரமாம், பன்னிரண்டாயிரத்துச் சொச்சம். பழுப்பு ஒன்று, மஹோகனி என்கிறார்கள், பதினேழு. மூன்றாவது பளபளவென்று கறுப்பு. உள்ளே பேட்டரி போட வேண்டும், நாலைந்து குமிழ் இருக்கிறது, பத்தொன்பதரை. கடைக்காரர் கறுப்பைத்தான் தூக்கித் தூக்கிக் காட்டுகிறார். எது உழைக்கும், எது நம் சபைக் கட்டடத்து வெயிலைத் தாங்கும் என்று நாலு வரி எழுதினால் போதும்.

நாலு வரிக்கு மேல் எழுத மனம் வந்தால், போன கிறிஸ்துமஸ் அன்று ஏன் அப்படிச் செய்தீர்கள் என்பதையும் எழுதலாம். அது உங்கள் இஷ்டம்.

ஸ்டீபன்


எழுமலை
11 நவம்பர் 2025

மாப்ள,

முப்பது வருஷப் பழக்கத்தில் உன்னிடமிருந்து கிடைத்த முதல் "திரு" இது. பத்திரமாக வைத்திருக்கிறேன்.

போன் இப்போது என்னிடம் இல்லை. கொடுத்துவிட்டேன். உன்மேல் கோபத்தில் அல்ல. எழுது, படிக்கிறேன். பால்பாண்டி வந்து போனது எனக்குத் தெரியாது. நான் மன்னிப்புக் கேட்டதாக அவனிடம் சொல்.

இனிக் காரியத்துக்கு வருகிறேன். மரத்தைப் பற்றிக் கடைக்காரர் சொல்வதில் பாதியைத் தள்ளிவிடு. ஆம்ப் பெட்டியில் மாட்டி வாசிக்கும்போது கூட்டத்தில் இருப்பவனுக்கு அது பாஸ்வுட்டா மஹோகனியா என்று ஒரு வித்தியாசமும் தெரியாது. அவனுக்குக் கேட்பது கம்பியும், கம்பிக்குக் கீழே இருக்கிற காந்தமும்தான். மரம் வாசிக்கிறவனுக்காக இருக்கிறது.

பாஸ்வுட் மோசமில்லை. லேசான மரம், மெது. நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழும். இரண்டு வருஷத்தில் பெல்ட் மாட்டுகிற திருகு ஆட ஆரம்பிக்கும். தீக்குச்சியை ஒடித்துத் துளைக்குள் வைத்து முடுக்கினால் இன்னும் இரண்டு வருஷம் ஓடும். இந்த விலையில் மஹோகனி என்று எழுதியிருந்தால் அது அசல் மஹோகனியாக இருக்காது. அதற்கு ஒன்றுவிட்ட தம்பி முறையில் ஏதோ ஒரு மரம். இருக்கட்டும், கனமாக இருந்தால் சரி. ஆஷ்லினுக்குத் தோள் வலிக்கும், அகலமான பெல்ட்டாக வாங்கிக் கொடு.

உடம்பைவிடக் கழுத்தை நன்றாகப் பார். மலிவான கிட்டாரில் முதலில் கெடுவது அதுதான். தலைப்பக்கத்திலிருந்து ஒற்றைக் கண்ணால் பார்த்தால் நேராகப் போக வேண்டும். பிறகு கழுத்தின் ஓரத்தில் கட்டைவிரலை மேலிருந்து கீழே ஓட்டு. குறுக்கே பதித்திருக்கிற உலோகக் கட்டைகளின் முனை விரலில் குத்தினால் அது சரியாகக் காயாத மரம். சித்திரை வெயிலில் இன்னும் சுருங்கும், வாசிக்கிறவள் கை கிழியும். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே குடியிருக்கப் போகிற கிட்டார் அது, மறந்துவிடாதே.

பேட்டரி போட்டது வேண்டாம். யாரும் மாற்ற மாட்டீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பாட்டின் நடுவில் செத்துப்போகும், நீ ஆஷ்லினைத் திட்டுவாய்.

கடைசியாக ஒன்று. இதுதான் முக்கியம். ஆம்ப்பில் மாட்டுவதற்கு முன்னால் கிட்டாரை நெஞ்சுக்கு மேலே தூக்கிப் பிடி. உடம்பின் மேல்பக்கம் கொம்பு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும், அதில் உன் தாடை எலும்பை வை. தடித்த கம்பியை ஒரே ஒரு தடவை மீட்டிவிட்டு எண்ணு. எத்தனை எண்ணுகிற வரைக்கும் தாடையில் துடிப்பு இருக்கிறதோ அதுதான் அந்தக் கிட்டாரின் மதிப்பு. விலைச்சீட்டில் போட்டிருப்பது கடைக்காரரின் மதிப்பு.

நாலு வரி தாண்டிவிட்டது. நீ கேட்ட இன்னொன்றைப் பற்றி எழுத வரவில்லை.

கிருபா


வில்லாபுரம்
20 நவம்பர் 2025

கிருபாகரன் அவர்களுக்கு,

ஆலோசனைக்கு நன்றி. நீங்கள் சொன்னபடி கட்டைவிரலை ஓட்டிப் பார்த்தேன். சிவப்பு குத்துகிறது. பழுப்பும் கறுப்பும் வழுவழுவென்று இருக்கின்றன. தாடையை வைத்துப் பார்க்கவில்லை. கடையில் நாலு பேர் நிற்கும்போது கிட்டாரைக் கட்டிக்கொண்டு நிற்க எனக்கென்ன பைத்தியமா? கறுப்பையே முடித்துவிடலாம் என்று இருக்கிறேன்.

காய்ந்த மரம், காயாத மரம் என்று மூன்று பக்கம் எழுத வருகிறது. நான் கேட்ட ஒரு கேள்விக்கு மட்டும் எழுத வரவில்லை. சரி, நானே எழுதுகிறேன். நீங்கள் மறந்திருந்தால் ஞாபகம் வரட்டும்.

தங்கத்துக்கு அப்போது புற்றுநோய் நுரையீரலுக்குப் பரவி நாலு மாதம். பாட வேண்டாம் என்று நான் எவ்வளவோ சொல்லியும், "கிறிஸ்துமஸுக்கு ஒரே ஒரு பாட்டுங்க" என்று நின்றாள். அவளுக்காக ஸ்ருதியை இரண்டு கட்டை இறக்கினேன். ஆஷ்லின் முன்வரிசையில் உட்கார்ந்து போனில் பதிவு செய்தாள். முதல் சரணம் நன்றாகத்தான் போனது. இரண்டாவது சரணத்திலிருந்து நீங்கள் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனீர்கள். நான் கீபோர்டில் இருந்து கையைக் காட்டுகிறேன், நீங்கள் திரும்பவே இல்லை. பெல்ட்டை இழுத்துக் கட்டி, கிட்டாரை நெஞ்சுக்கு மேல் ஏற்றி, தலையை அதன்மேல் சாய்த்துக்கொண்டு, குடித்தவன் தூங்குகிற மாதிரி நின்றீர்கள். பின்வரிசையில் அதைத்தான் பேசினார்கள்.

கடைசிச் சரணத்தின் நடுவில் பொறுக்க முடியாமல் எழுந்து வந்து உங்கள் ஆம்ப்பின் வயரைப் பிடுங்கினேன். அப்புறமும் நீங்கள் நிறுத்தவில்லை. சத்தமே வராத கிட்டாரை வாசித்துக்கொண்டே இருந்தீர்கள், என்னைக் கேலி செய்கிற மாதிரி. தங்கம் இரண்டு வார்த்தை பாடிவிட்டு நின்றுவிட்டாள். அதற்குப் பிறகு அவள் பாடவே இல்லை. நாற்பத்தைந்தாவது நாள் போய்விட்டாள்.

என்னிடம் இருக்கிற கடைசிப் பதிவு அது. முதல் சரணத்துக்கு அப்புறம் அதில் அவள் குரலைத் தேடித் தேடிப் பார்க்கிறேன். உங்கள் சத்தம்தான் இருக்கிறது.

அடக்கத்துக்கு வந்தீர்கள். ஆறுதல் சொல்ல வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை பதில் இல்லை. கல்லறைத் தோட்டத்து வாசலில் நின்றுவிட்டு அப்படியே போய்விட்டீர்கள். இருபது வருஷம் பார்த்த பள்ளிக்கூட வேலையை அலுப்பாக இருக்கிறது என்று விட்டதும் நீங்கள்தான். உங்களுக்கு எது வேண்டும், எது வேண்டாம் என்றே எனக்குப் புரியவில்லை.

ஸ்டீபன்


எழுமலை
28 நவம்பர் 2025

மாப்ள,

குடிக்கவில்லை. அதை மட்டும் நம்பு.

கறுப்பை வாங்காதே. தாடையை வைத்துப் பார்க்காமல் எதையும் வாங்காதே. வெட்கமாக இருந்தால் கூட்டமில்லாத மத்தியான நேரத்தில் போ. இந்த ஒன்றை எனக்காகச் செய்.

என் கிட்டாரை விற்றுவிட்டேன். வீட்டில் இருந்தால் கை அதனிடம் போகிறது. உசிலம்பட்டி மெல்லிசைக் குழுக்காரர் ஒருவர் வாங்கிக்கொண்டார்.

அந்தக் கிறிஸ்துமஸைப் பற்றி என்னிடம் கேட்காதே. அது என் விஷயம் மட்டுமாக இருந்தால் எப்போதோ சொல்லியிருப்பேன்.

கடை பரவாயில்லை. இங்கே யாரும் பேச வேண்டியதில்லை. பேப்பரை நீட்டுவார்கள், எத்தனை காப்பி என்று விரலைக் காட்டுவார்கள், காசை வைத்துவிட்டுப் போவார்கள். எனக்கு ஏற்ற தொழில்.

கிருபா


வில்லாபுரம்
10 டிசம்பர் 2025

மச்சான்,

போன வாரம் மத்தியானத்தில் கடைக்குப் போனேன். கடைக்காரர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். முதலில் கறுப்பில் தாடையை வைத்து மீட்டினேன். ஐந்து எண்ணுவதற்குள் அடங்கிவிட்டது. சிவப்பு எட்டு. பழுப்பில் பதினான்கு வரை இருந்தது. பல்லுக்குள்ளும் காதுக்குப் பின்னாலும் அது ஓடுவது தெரிந்தது. இன்னொரு தடவை மீட்டி, கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். கண்ணைத் திறந்தால் எதிர்ச் சுவரில் கண்ணாடி. கிட்டார் நெஞ்சுக்கு மேலே, தலை ஒருபக்கம் சாய்ந்து, தாடை கொம்பில் இருக்க நான் நிற்கிறேன்.

அப்படித்தான் நீங்கள் அன்றைக்கு நின்றீர்கள்.

 கிட்டாரை வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை. போனை எடுக்காதது, பால்பாண்டியைக் கண்டுகொள்ளாதது, அடக்கத்தில் யாருக்கும் பதில் சொல்லாதது, வகுப்பில் முப்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு பாடம் எடுக்கிற வேலையை விட்டது எல்லாம் ஒவ்வொன்றாக வந்து நின்றன.

மறுநாள் எழுமலைக்கு வந்தேன். ஆமாம், வந்தேன். உங்கள் கடைக்கு எதிரே டீக்கடையில் நின்றேன். நீங்கள் முதுகைக் காட்டிக்கொண்டு மெஷினில் பேப்பர் அடுக்கிக்கொண்டிருந்தீர்கள். "மச்சான்" என்று கூப்பிட்டேன். மூன்று தடவை கூப்பிட்டேன். டீக்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார், ரோட்டில் போனவர்கள் பார்த்தார்கள். ஒரு லாரி உங்கள் கடை வாசலில் நின்று ஹார்ன் அடித்த அடியில் நான் காதைப் பொத்தினேன். உங்கள் தோள்கூட அசையவில்லை. டீக்கடைக்காரர் என்னிடம், "அவருக்குக் கேக்காதுங்க. போய்த் தொட்டுக் கூப்பிடுங்க" என்றார். ஊருக்கே தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை.

தொட்டுக் கூப்பிட்டிருக்கலாம். உங்கள் முகத்தைப் பார்க்கிற தைரியம் எனக்கு இல்லை. அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன்.

எத்தனை நாளாக மச்சான்? ஏன் என்னிடம் சொல்லவில்லை? சபை நடுவில் உங்கள் வயரைப் பிடுங்கினேனே, அப்போதாவது சொல்லியிருக்கக் கூடாதா?

ஸ்டீபன்


எழுமலை
18 டிசம்பர் 2025

மாப்ள,

நீ வந்தும் பார்க்காமல் போனதில் எனக்கு வருத்தமில்லை. பார்த்திருந்தால் இரண்டு பேரும் அழுதிருப்போம். கடையில் கூட்டம் வேறு.

நாலு வருஷமாக. முதலில் கீழ் ஸ்தாயி போனது. ஆம்ப்பிலிருந்து வருகிற சத்தம் எனக்கு வந்து சேரவில்லை. மற்றதெல்லாம் பிறகு போனது. சொன்னால் வாசிக்க விடமாட்டீர்கள் என்று, உதட்டைப் பார்த்தே சமாளித்தேன். உள்காதில் நரம்பு செத்துக்கொண்டு வருகிறது என்றார்கள். காதில் மெஷின் வைத்துப் பார்த்தேன், இரைச்சல்தான் வந்தது. மரத்தில் தாடையை வைத்தால் மட்டும் என்ன வாசிக்கிறேன் என்று தெரியும். கேட்கிறது என்று சொல்ல முடியாது. தெரியும், அவ்வளவுதான்.

தங்கத்துக்கு மட்டும் தெரியும். ஒரு ஒத்திகையில் பாட்டு முழுக்க ஒரு கட்டை தள்ளி வாசித்தேன், அவள் கண்டுபிடித்துவிட்டாள். அன்றிலிருந்து பாடும்போது என் பக்கத்தில்தான் நிற்பாள். அவள் வலது கால் என் இடது கால்மேல் இருக்கும். தாளத்துக்குத் தாளம் மிதிப்பாள். சேலை மறைத்துவிடும். நீங்கள் யாரும் பார்த்ததில்லை.

இனி எழுதப்போவது அவளுக்கு நான் கொடுத்த வாக்கை மீறுவது. ஒரு வருஷம் காப்பாற்றினேன். நீ என்னைக் குடிகாரன் என்று நினைத்தால் நினைத்துவிட்டுப் போ. அவள் குரலை நான் கெடுத்தேன் என்று நீ காலம் முழுக்க நினைத்துக்கொண்டிருப்பதை இனி என்னால் தாங்க முடியாது.

கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னால் என் வீட்டுக்கு வந்தாள். காதோடு வாயை வைத்துச் சொன்னாள். அப்போது கொஞ்சம் மிச்சம் இருந்தது, கேட்டது. "எனக்கு மூச்சு பத்தலண்ணே. ரெண்டாவது சரணத்துல குரல் உடையுது. அவரு நான் தேறி வாறேன்னு நெனச்சுக்கிட்டு இருக்காரு. அவருக்கு அது கேக்கவே கூடாது. நான் கட்டைவிரலத் தூக்கிக் காட்டுனா நீ சத்தத்தக் கூட்டி மூடிரு" என்றாள். டாக்டர் கையை விரித்துவிட்டதையும் அன்றைக்குத்தான் சொன்னாள். உன்னிடம் பண்டிகை முடிந்து சொல்லிக்கொள்ளலாம் என்றாள்.

நான் அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன் மாப்ள. நீ காட்டிய கையைப் பார்க்கவில்லை. இரண்டாவது சரணத்தில் விரலைத் தூக்கினாள். கூட்டினேன். மறுபடி தூக்கினாள். மறுபடி கூட்டினேன்.

நீ வயரைப் பிடுங்கியது எனக்குத் தெரியாது. ஆம்ப்பின் சத்தம் எனக்கு முன்பும் கேட்கவில்லை, பின்பும் கேட்கவில்லை. வயர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கம்பியை மீட்டினால் மரம் துடிக்கத்தான் செய்யும், அது என் தாடைக்கு வந்துகொண்டேதான் இருந்தது. உன்னைக் கேலி செய்யவில்லை. பாட்டு நடக்கிறது என்று நினைத்துத்தான் வாசித்தேன். அவள் கால் நின்றது. அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன். நீ வயரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாய்.

கிருபா


வில்லாபுரம்
27 டிசம்பர் 2025

மச்சான்,

உங்கள் கடிதம் கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் வந்தது. பண்டிகை எப்படிப் போனது என்று கேட்காதீர்கள்.

பதிவை மறுபடி போட்டுக் கேட்டேன். நான் வயரைப் பிடுங்கிய பிறகு அதில் அவள் குரல் இரண்டு வார்த்தைக்கு இருக்கிறது. உடைந்து, காற்று மட்டும் வருகிற குரல். இத்தனை நாளும் உங்கள்மேல் இருந்த கோபத்தில் அதை அழுகை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அழுகை இல்லை. அதுதான் அவளுக்கு மிச்சமிருந்த குரல். எனக்குக் கேட்கக் கூடாது என்று அண்ணனும் தங்கையும் சேர்ந்து மூடி வைத்ததை, சபை முழுக்கக் கேட்கும்படி நான் திறந்துவிட்டேன். வயரைப் பிடுங்கினதும் அவள் என்னைப் பார்த்த பார்வைக்கு இப்போதுதான் அர்த்தம் தெரிகிறது. அதற்கப்புறம் நாற்பத்தைந்து நாள் என்னோடு இருந்தாள், அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் என்ன செய்வேன் மச்சான்? யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பேன்?

உங்களிடம் கேட்கிறேன். மன்னித்துவிடுங்கள்.

பழுப்பை வாங்கிவிட்டேன். ஆஷ்லினிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவளும் தாடையை வைத்துப் பார்த்தாள். "ஸ்டீபன் அண்ணே, இது எனக்கு அப்புறம் போதும். முதல்ல அவரு வாசிக்கட்டும்" என்றாள்.

பிப்ரவரி எட்டாம் தேதி நீங்கள் வர வேண்டும். அந்தக் கடைசிச் சரணம் பாக்கி நிற்கிறது. பால்பாண்டி கீபோர்டைப் பார்த்துக்கொள்வான், அவனுக்கு அந்த ஒரு பாட்டு வரும். நான் உங்கள் பக்கத்தில் நிற்கிறேன். வெறுங்காலோடு நிற்கிறேன். அவள் நின்ற அதே பக்கம் நின்று தாளத்தை நான் மிதிக்கிறேன்.

வாருங்கள் மச்சான்.

ஸ்டீபன்


எழுமலை
6 ஜனவரி 2026

மாப்ள,

நான்கு நாள் யோசித்தேன். வரவில்லை என்றுதான் முதலில் எழுதினேன். அதைக் கிழித்துவிட்டேன்.

மன்னிக்க ஒன்றும் இல்லை. உனக்கு அவள் சொல்லவில்லை, எனக்குக் காது சொல்லவில்லை. இரண்டு பேரையும் வைத்துக்கொண்டு அவள் அன்றைக்கு இரண்டரைச் சரணம் பாடியிருக்கிறாள்.

வாறேன். பிப்ரவரி ஏழாம் தேதி சாயங்கால பஸ்ஸில் வருகிறேன். கிட்டாரின் கம்பிகளை இப்போதே கொஞ்சம் தளர்த்தி வை. புதுக் கழுத்து, இழுத்துப் பிடித்தபடி மூலையில் சாத்தி வைத்தால் வளைந்துவிடும். பெல்ட் நீளத்தைக் குறைத்துக் கட்டு.

ஆம்ப்பை எடுத்து வைக்க வேண்டாம், வயரும் வேண்டாம். நான் வாசிப்பது சபைக்குக் கேட்க வேண்டியதில்லை, எனக்கும் கேட்கப்போவதில்லை. இந்தத் தடவை மூடுவதற்கு ஒன்றும் இல்லை. மரம் மட்டும் போதும்.

ஒன்றே ஒன்று. நீ கீபோர்டின் பெடலை மிதித்துப் பழகின ஆள், காலை ஊன்றி மிதிப்பாய். அப்படி மிதித்தால் எனக்கு உன் கால்தான் தெரியும். மெதுவாக மிதி மாப்ள. கடைசியில் அவள் எம்புட்டு எடை இருந்தாள் என்று தூக்கிப் படுக்க வைத்த உனக்குத் தெரியும். அம்புட்டு மட்டும் மிதி.

கிருபா